மருமகனின் மாருதி

உங்கள் வீட்டிலும் ஒரு மாருதி 800 இருந்திருக்கும். இல்லையென்றால் பெரியப்பா வீட்டில், எதிர்வீட்டு டாக்டர் வீட்டில்... 1983 டிசம்பரில் முதல் கார் வெளியே வந்தது. 2014 ஜனவரியோடு தயாரிப்பு நின்றது. முப்பது வருஷம் இந்த நாட்டின் நடுத்தரக் குடும்பங்களைச் சுமந்த வண்டி. எங்களுடையது 2002 மாடல், வெள்ளை. சென்னைக்கு மாற்றலாகி வந்தபோது அதைக் கோவையில் அக்கா மகனிடம் கொடுத்தேன்.

‘‘பத்திரமா வெச்சுக்கடா!’’

‘‘கண்ணு மாதிரி பாத்துக்கறேன் மாமா!’’

2019 டிசம்பரில் போனபோது, வடவள்ளி வீட்டு வாசலில் நின்ற வண்டி என்னுடையது என்பதை நம்பர் பிளேட்டைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன்.

தரையோடு தரையாக உட்கார்ந்திருந்தது. பின்சீட் இல்லை. அந்த இடத்தில் குறுக்கும் நெடுக்குமாக இரும்புக் குழாய்கள். முன்னால் இரண்டு பக்கமும் தொட்டி மாதிரி பக்கெட் சீட். தோளுக்கு இரண்டு, இடுப்புக்கு இரண்டு என நாலு வார் கொண்ட பெல்ட். சைலன்ஸரைப் பற்றிப் பக்கத்து வீட்டுப் பெரியவர் என்னிடம் தனியாகவே பேசினார்.

அக்கா ஒரே ஒரு தடவை அந்தச் சீட்டில் உட்கார்ந்தாளாம். உட்கார முடிந்தது. எழுந்திருக்கத்தான் இரண்டு பேர் தேவைப்பட்டார்கள். அன்றிலிருந்து கோயிலுக்கு டவுன் பஸ்.

‘‘எதுக்குடா இதெல்லாம்?’’ என்றேன்.

பையன் பம்பு கம்பெனியில் வேலை பார்க்கிறான். விவரம் தெரிந்தவன். பந்தயத்துக்கென்று தயார் செய்த ஒரு 800-ஐ யாரோ பிரித்துப் போட, ஸ்பிரிங், ஷாக் அப்ஸார்பர், பிரேக் பேட், சீட், கூண்டு என்று அப்படியே அள்ளிக்கொண்டு வந்துவிட்டான். இரண்டு மாதச் சம்பளம் காலி. ‘‘எல்லாமே ஸ்பெக் பார்ட் மாமா’’ என்றான், பாட்டி நகையைக் காட்டுகிற மாதிரி.

ஸ்பெக் பார்ட் என்றால் என்ன என்று கேட்கிறீர்களா? நானும் அதிவேகச் சாமான் என்றுதான் நினைத்திருந்தேன். இல்லை. பந்தயத்தில் ஓடுகிற எல்லாருக்கும் ஒரே ஸ்பிரிங், ஒரே டயர், ஒரே பிரேக் என்று விதி போட்டுவிடுவார்கள். பணக்கார வீட்டுப் பையன் வெளிநாட்டிலிருந்து ஒசத்தியான சாமான் வாங்கி மாட்டி ஜெயித்துவிடக் கூடாது, ஓட்டுகிறவனின் கையும் காலும்தான் ஜெயிக்க வேண்டும் என்பதற்காக. யாரும் திறக்கக் கூடாது என்று இன்ஜினுக்கு சீல் வைக்கிற பந்தயங்கள்கூட உண்டு. பள்ளிக்கூட யூனிஃபார்ம் மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்களேன். யூனிஃபார்ம் போட்டால் மார்க் கூடாது.

இந்த விஷயத்தில் கோவைக்கு ஒரு பெருமை உண்டு. 1980-களின் கடைசியில், இந்த ஊரைச் சேர்ந்த கரிவரதன், இதே மாருதி 800-ன் இன்ஜினை எடுத்து, ஒற்றை ஆள் உட்காரும் பந்தயக் காருக்குள் வைத்தார். ஃபார்முலா மாருதி என்று பெயர். 796 சி.சி., மூன்று சிலிண்டர். காய்கறி வாங்கப் போகிற வண்டியின் இதயம்! 2005-ல் இந்தியாவின் முதல் ஃபார்முலா ஒன் டிரைவரானாரே நரேன் கார்த்திகேயன், அவரும் ஃபார்முலா மாருதியில் பழகியவர்தான். கரிவரதன் 1995-ல் விமான விபத்தில் இறந்துபோனார். செட்டிபாளையத்தில் 2003-ல் திறந்த பந்தயத் தளத்துக்கு அவர் பெயர்தான்.

அவர் குடும்பக் காரின் இன்ஜினைப் பந்தயத்துக்குக் கொண்டுபோனார். என் மருமகன் பந்தயச் சாமானைக் குடும்பக் காருக்குக் கொண்டுவந்திருந்தான். அவனைத் திட்ட எனக்கு மனசு வரவில்லை. ஏனென்றால், அவன் சொன்ன காரணம் ஒன்று இருந்தது.

‘‘போன தடவை கோத்தகிரியிலிருந்து இறங்கறப்ப பிரேக் பிடிக்கல மாமா. பெடல் தரை வரைக்கும் போயிடுச்சு. அம்மா பின்னாடி உக்காந்திருந்தாங்க. ஹேண்ட் பிரேக்கை இழுத்து ஒரு வழியா மண்மேட்டுல ஏத்தி நிறுத்தினேன். அம்மாகிட்ட டயர் பஞ்சர்னு சொல்லிட்டேன்.’’

அதற்கப்புறம்தான் பந்தய பிரேக் பேட் தேடி அலைந்திருக்கிறான். ஒன்று கிடைத்த இடத்தில் ஒன்பதும் கிடைத்துவிட்டது.

மறுநாள் காலை எனக்குச் சென்னை ரயில். ஐந்து மணிக்குக் கிளம்பினோம். மார்கழிக் குளிர், பனிமூட்டம். நாலு வாரையும் மாட்டிக்கொண்டு, தலைக்கு நாலு விரல்கடையில் இரும்புக் குழாய் இருக்க, நான் கட்டிப்போட்ட கோழி மாதிரி உட்கார்ந்திருந்தேன். (பந்தயத்தில் ஹெல்மெட் போட்டிருப்பார்கள். அந்தக் குழாயோடு வெறும் மண்டை மோதினால் என்ன ஆகும் என்பதை அந்த ஸ்பீடு பிரேக்கர்கள் எனக்கு இரண்டு தடவை சொல்லிக்கொடுத்தன.) ஸ்பிரிங் கல் மாதிரி. சுமார் 650 கிலோ எடைதான் அந்த வண்டி. பள்ளத்தில் விழுந்தால் சக்கரம் தரையைப் பிடிப்பதற்குப் பதில் துள்ளியது.

தெருவிலிருந்து மருதமலை ரோட்டில் ஏறி, முந்நூறு அடிகூட இருக்காது. பனிக்குள்ளிருந்து ஒரு மொபெட் குறுக்கே வந்தது. இரண்டு பக்கமும் பால் கேன்.

அவன் மிதித்தான். நான் பார்த்தேன், சரியான நேரத்தில்தான் மிதித்தான். வண்டி நிற்கவில்லை. பிரேக் போட்ட மாதிரியே இல்லை. மரக்கட்டையால் கண்ணாடியைத் தேய்க்கிற மாதிரி ஒரு சத்தம் மட்டும் வந்தது. சீட்டிலிருந்து எழும்பி, முழு உடம்பும் பெடலில் இருக்க, அவன் வாயிலிருந்து ‘அம்மா...’ என்று வந்தது.

டங் என்று ஒரு கேன் உருண்டது. பால்காரர் ஒரு காலை ஊன்றி நின்றுகொண்டார். அவருக்கு ஒன்றும் ஆகவில்லை. ரோடு முழுக்கப் பால்.

அவர் திட்டவே இல்லை. கேனை நிமிர்த்தி வைத்துவிட்டு, காரைச் சுற்றிவந்து பார்த்தார். ‘‘ஏனுங் தம்பி, இத்தனை மாட்டியிருக்கறீங்க. நிக்கறதுக்கு ஒண்ணும் மாட்டலீங்களா?’’ என்றார்.

அன்றைக்கு நான் ரயிலைப் பிடிக்கவில்லை.

ஒன்பது மணிக்குக் கணபதியில் ஒரு பழைய மெக்கானிக்கிடம் போனோம். ஊர்ந்துகொண்டுதான் போனோம். அவர் சக்கரத்தைக் கழற்றி பேடைக் கையில் எடுத்தார். ‘‘இது நல்ல சாமானுங். ஆனா சூடானாத்தான் பிடிக்கும்’’ என்றார்.

பந்தயத்தில் சுற்றுக்குச் சுற்று பலமாக பிரேக் போட்டுக்கொண்டே இருப்பார்கள். அந்தக் கொதிக்கும் சூட்டிலும் பிடி விடாமல் இருக்க வேண்டும் என்று செய்யப்பட்டது அந்த பேட். இருநூறு டிகிரிக்கு மேல் போனால்தான் சில ரகங்கள் வேலையே ஆரம்பிக்கும். அதனால்தான் பந்தயம் துவங்குமுன் மெதுவாக ஒரு சுற்று ஓட்டி எல்லாவற்றையும் சூடாக்கிக்கொள்கிறார்கள். வீட்டுக் காரின் பேடோ, விடியற்காலையில் முதல் மிதியிலேயே பிடிக்க வேண்டியது. நம் முன்னால் பால்காரர் வருவதற்கு முன், சூடேற்றிக்கொள்ள நமக்கு யாரும் ஒரு சுற்று தருவதில்லை.

‘‘அப்ப கோத்தகிரியில பழைய பேடே ஏன் பிடிக்கல?’’ என்று கேட்டான் மருமகன்.

மெக்கானிக் பானெட்டுக்குள் தலையை விட்டார். பிரேக் ஆயில் டப்பாவின் மூடியைத் திறந்து என்னிடம் காட்டினார். நல்ல ஆயில் வெளிர்மஞ்சளாக இருக்க வேண்டுமாம். அது டிகாக்ஷன் நிறத்தில் இருந்தது.

‘‘இதை எப்ப மாத்துனீங்?’’

மருமகன் என்னைப் பார்த்தான். நான் ஷெட்டின் கூரையைப் பார்த்தேன். 2002-லிருந்து நான் குறையக் குறைய ஊற்றியிருக்கிறேனே தவிர, ஒரு தடவைகூட மாற்றியதில்லை. மாற்ற வேண்டும் என்றே தெரியாது. இன்ஜின் ஆயில் மாற்றுவேன், வாரம் தவறாமல் துடைப்பேன், ஆயுதபூஜைக்கு எலுமிச்சம்பழம் வைப்பேன்...

பிரேக் ஆயில் காற்றிலிருக்கும் ஈரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்குமாம். தண்ணீர் சேரச் சேர, அது கொதிக்கிற சூடு இறங்கிக்கொண்டே வரும். மலையிறக்கத்தில் பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தால் உள்ளே கொதித்து ஆவியாகிவிடும். ஆயிலை அழுத்தினால் சக்கரம் நிற்கும். ஆவியை அழுத்தினால்? பெடல் தரையைத் தொடும், அவ்வளவுதான்.

‘‘ரேசுக்குப் போற பசங்க அடிக்கடி ஆயிலை மாத்திருவாங்க தம்பி. நீங்க அங்கிருந்து எல்லாத்தையும் கொண்டாந்தீங்க, அதை மட்டும் விட்டுட்டீங்க’’ என்றார். மலையில் எந்த கியரில் ஏறுகிறாயோ அதே கியரில்தான் இறங்க வேண்டும் என்றும் சொன்னார். இது எனக்குத் தெரியும். ஆனால், வண்டியைக் கொடுத்த நான் அவனுக்குச் சொல்லவில்லை. பத்திரமாக வைத்துக்கொள் என்று மட்டும் சொன்னேன்.

புது ஆயில், சாதாரண பேட், பழைய ஸ்பிரிங் எல்லாம் மாட்ட மத்தியானம் ஆனது. அந்த வருஷம்தான் மோட்டார் வாகனச் சட்டத்தைத் திருத்தி, அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம் என்று கொண்டுவந்திருந்தார்கள். ஆறு மாதம் வரை ஜெயிலும் உண்டு. மருமகன் விரல் விட்டு எண்ணிப் பார்த்தான். சீட், கூண்டு, சைலன்ஸர்... இரண்டாவது கைக்குப் போவதற்குள் நிறுத்திவிட்டான்.

சாமான்களை அவன் விற்கவில்லை. 2020 பிப்ரவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பேடையும் ஸ்பிரிங்கையும் கோணிப்பையில் கட்டிக்கொண்டு செட்டிபாளையம் போனான். கணபதி மெக்கானிக்கும் கூட வந்தார். அங்கேயே உட்கார்ந்து மாற்றினார்கள். ஹெல்மெட் போட்டுக்கொண்டு ஓட்டினான். நான் வேலியோரம் நின்று பார்த்தேன். மூன்றாவது சுற்றில் வளைவுக்குப் பக்கத்தில் வந்து பிரேக் போட்டான் பாருங்கள், 37 குதிரைச் சக்திக்கு அப்படி ஒரு நிறுத்தமா! மூக்கைத் தரையில் ஊன்றி நின்று திரும்பியது என் பழைய 800. எனக்கே கை தட்டத் தோன்றியது. தட்டினேன்.

சாயங்காலம் எல்லாவற்றையும் கழற்றி மறுபடி மூட்டை கட்டிக்கொண்டு, பழைய பேடோடு வீடு திரும்பினோம். வாசலில் அக்கா பால் வாங்கிக்கொண்டிருந்தாள். அந்தக் காலைக்குப் பிறகு அவரிடம்தான் வாங்குகிறாள், தினமும் ஒரு லிட்டர். வண்டி வருவதைப் பார்த்ததும் அவர் மொபெட்டை நகர்த்திச் சுவரோரமாக விட்டுக்கொண்டார்.