முந்திரிகை வைன்

"முந்திரிகை வைன் இரிக்கி மனே, கொஞ்சம் ஊத்தட்டா?" என்று அன்ரி கேட்டதும் கோவாவின் ஃபெனி வாடை என் மூக்கில் ஏறியது. முந்திரிப் பழத்தைப் பிழிந்து, புளிக்கவைத்து, காய்ச்சி வடிக்கிற சரக்கு அது. ஒருமுறை குடித்துவிட்டு இரண்டு நாள் என் சட்டையே மணத்துக்கொண்டிருந்தது. மட்டக்களப்புப் பக்கமும் முந்திரி விளைகிறது. ஆகவே இங்கேயும் அதைத்தான் செய்கிறார்கள் என்று முடிவுகட்டிக்கொண்டு, தற்காப்பாக, அரைக் கோப்பை போதும் என்றேன்.

வந்தது வேறு. பழைய தேக்கு மேசையின் நிறம். கறுவாவும் கராம்பும் மணந்தன. வாயில் வைத்தால் முதலில் இனிப்பு, பிறகு ஒரு சூடு.

"இதுல முந்திரி எங்க இருக்கு?"

"முழுக்க முந்திரிகைதானே. வத்தல் போட்டுச் செஞ்சது."

"எங்க ஊர்ல இதத் திராட்சைன்னு சொல்லுவோம்."

"அப்ப முந்திரிகையெண்டு எதைச் சொல்லுவீங்க?"

பாயசத்தில் போடுவோமே, அந்தப் பருப்பு என்றேன். அங்கிள் நாற்காலியில் பின்னுக்குச் சாய்ந்து சிரித்தார். "அது கஜு, தம்பி!"

சிரிப்பு நியாயமானதுதான். ஊருக்குத் திரும்பிய பிறகுதான் எனக்கு உறைத்தது. எங்கள் பக்கத்துப் பழைய ஆட்களும் திராட்சையைக் கொடிமுந்திரி என்பார்கள். கொடியில் காய்ப்பதற்கு உரிய பெயர் அது. பருப்பு தரும் மரம் பிரேசிலிலிருந்து போர்த்துக்கீசியர் கப்பலில் வந்தது. ஈழத்தில் அதை மரமுந்திரிகை என்று தள்ளி நிறுத்திப் பெயர் வைத்தார்கள். நாங்கள் நேற்று வந்த மரத்துக்குப் பெயரைத் தூக்கிக் கொடுத்துவிட்டு, கொடிக்கு வடமொழியில் கடன் வாங்கிக்கொண்டோம். இதை எனக்குச் சொல்லித்தந்தது ஒரு பறங்கியர் வீடு என்பதுதான் வேடிக்கை. போர்த்துக்கீசியர் வழிவந்தவர்கள் அவர்கள். மட்டக்களப்பின் புளியந்தீவில் போர்த்துக்கீசியர் 1628இல் கோட்டை கட்டினார்கள். 1638இல் ஒல்லாந்தர் அதைப் பிடித்துக்கொண்டார்கள். பத்தே ஆண்டு. ஆனால் அந்தப் பாஷையின் ஒரு கிளை இன்றும் இந்த வாவிக்கரை வீடுகளில் முதியவர்கள் வாயில் இருக்கிறது. எனக்கு வரவேற்பு மட்டக்களப்புத் தமிழில். கணவனும் மனைவியும் சண்டை பிடிப்பது மட்டும் அந்தப் பாஷையில்.

சண்டைக்குக் காரணம் நான்தான்.

எனக்கு ஒரு பழக்கம். மலிவான வைன்களை மட்டும் வாங்கி, ருசித்து, ஒரு குறிப்பேட்டில் எழுதி மதிப்பெண் போடுவேன். நாசிக், சிலே, தென்னாப்பிரிக்கா, ஸ்பெயின் என்று நூற்றுக்கு மேல் சேர்ந்துவிட்டன. கோவாவின் இனிப்புப் போர்ட் வைனுக்கு "இருமல் மருந்து, 10க்கு 3" என்று எழுதியிருக்கிறேன். இப்போது அதற்காகக் கொஞ்சம் வெட்கப்படுகிறேன். நண்பனின் சிபாரிசில் இந்த வீட்டுக்குச் சாப்பிடப் போகும்போது, விமான நிலையத்தில் வரியில்லாமல் வாங்கிய ஆஸ்திரேலியச் சிவப்பு வைன் ஒன்றைக் கொண்டு போயிருந்தேன். என் கணக்கில் அது 10க்கு 7. அதன் பிறந்த மண்ணில் மலிவுச் சரக்கு. இலங்கைக் கடைக்குள் வரி கட்டி நுழைந்துவிட்டால் அதுவே பணக்காரர் மேசைக்குரியது. ஆகவே ஏதோ பெரிய பரிசு தருகிற மிதப்பு எனக்கு இருந்தது.

அன்ரி ஒரு மிடறு குடித்தார். முகம் சுருங்கியது. "கயருது மனே" என்றார். "கன நேரம் ஊறின தேயிலைச் சாயம் மாதிரி."

எனக்குச் சுருக்கென்றது. ஒரு கணம்தான், பிறகு குறிப்பேட்டை எடுத்தேன். சிவப்பு வைன் நாக்கைப் பிடித்து இழுக்கும் அந்தக் குணத்துக்கு டானின் காரணம். தேயிலைச் சாயத்திலும் இருப்பது அதன் உறவுக்காரப் பொருள்தான். வாழைக்காய்த் தோலைக் கடித்ததுபோல் நாக்கு மரத்துப்போவதை இங்கே கயர்ப்பு என்கிறார்கள். அறுசுவையில் துவர்ப்பு என்று ஒன்றை வைத்திருக்கும் பாஷைக்காரன் நான், நூறு குறிப்புகளிலும் "டானின் அதிகம்" என்றுதான் எழுதி வைத்திருந்தேன்.

ஆனாலும் அவருடைய தீர்ப்பை ஏற்கவில்லை. துவர்ப்பு குறை அல்ல, இறைச்சியோடு சாப்பிட்டுப் பாருங்கள் என்றேன். அன்ரி மரியாதைக்கு இன்னொரு மிடறு குடித்துவிட்டு, ஒரு கரண்டி சீனியை என் ஆஸ்திரேலியாவுக்குள் போட்டுக் கலக்கினார். நான் ஜன்னல் வழியே வாவியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நிலா நாளில் மீன் பாடும் என்று எல்லோரும் சொல்கிற அதே தண்ணீர். நட்டநடுப் பகலில் அது ஒன்றும் சொல்லவில்லை.

அங்கிள் அப்போதுதான் வாய் திறந்தார். இரண்டும் வேண்டாம், தவறணையிலிருந்து கள்ளு எடுப்பிக்கட்டுமா என்றார். விருந்தாளிக்கு யாராவது கள்ளுக் கொடுப்பார்களா என்று அன்ரி தமிழில் தொடங்கினார். இரண்டாவது வாக்கியத்தில் போர்த்துக்கீசியத்துக்கு மாறினார். அங்கிளும் மாறினார். குரல் ஏறியது. எனக்குப் பிடிபட்டது "கள்ளு" என்ற ஒரே சொல். அவர்கள் சண்டையை என்னிடமிருந்து மறைக்க ஒரு பாஷை இருப்பது எனக்குப் பொறாமையாக இருந்தது. தவறணை, கோப்பை, பீப்பாய் என்று குடிக்கிற இடத்துக்கும் பாத்திரத்துக்கும் தமிழில் சொல் தந்தது அந்தப் பாஷைதான். குடிக்கிற சாமானுக்கு மட்டும் கள்ளு என்ற நம் சொல் நின்றுவிட்டது.

அங்கிள் ஜெயித்தார். பக்கத்து வீட்டுப் பெடியன் சைக்கிளில் போய், இரண்டு போத்தல் தென்னங்கள்ளோடு வந்தான்.

நான் பனை நாட்டுக்காரன். திருநெல்வேலிப் பக்கம் பதநீர் குடித்து வளர்ந்தவன். ஆனால் கள்ளைச் சட்டப்படி, ஒரு வீட்டு மேசையில், கண்ணாடிக் கோப்பையில் ஊற்றிக் குடித்தது அன்றுதான். தமிழ்நாட்டில் 1987 முதல் கள்ளுக்குத் தடை. அரசாங்கமே பிராந்தி விற்கும். கள் இறக்கினால் வழக்கு. இங்கே அதை ஒரு பையன் சைக்கிளில் தொங்கவிட்டு, மணியடித்துக்கொண்டே வருகிறான். எனக்கு இருந்த சந்தோஷத்தில் பாதி, பயமில்லாமல் குடிக்கிற சந்தோஷம்.

காலையில் இறக்கியது என்றார்கள். முட்டியில் சொட்டும்போதே புளிக்கத் தொடங்கிவிடுகிற பானம் இது. முட்டியின் உட்புறம் சுண்ணாம்பு தடவினால்தான் நிற்கும், அப்போது அது பதநீர். நாங்கள் குடித்தது நண்பகலுக்குக் கொஞ்சம் பிந்தி. இனிப்பு இறங்கி, புளிப்பு ஏறுகிற நடுவேளை. மெல்லிய நுரை, இளநீர் வழுக்கையின் மணம், அதற்கு அடியில் ஊறிய அரிசி நாற்றம். சாயந்தரம் வரை வைத்தால் இன்னொரு பானம். அடுத்த நாளும் விட்டுவைத்தால் வினாகிரி ஆகத் தொடங்கிவிடும். எந்த ஆண்டுச் சரக்கு என்று வைனில் கேட்போம். கள்ளில் எத்தனை மணிக்கு இறக்கியது என்று கேட்கவேண்டும். 10க்கு 8 போட்டேன். அங்கிள் எட்டிப் பார்த்துவிட்டு, "மற்ற ரெண்டு எங்க?" என்றார்.

சாப்பாடு பன்றிக்கறி. நன்றாகக் கறுத்து, பூண்டும் வினாகிரியும் தூக்கலாக இருந்தது. அந்த வினாகிரியும் தென்னங்கள்ளுதான். போர்த்துக்கலில் இறைச்சியை வைனிலும் பூண்டிலும் ஊறவைப்பார்கள். வின்யா தாலியுஷ் என்று பெயர். கோவாவில் வைனுக்குப் பதில் கள்ளு வினாகிரி போய், பெயரும் தேய்ந்து விந்தாலூ ஆயிற்று. திராட்சை இல்லாத கரையில் வைனின் நாற்காலியில் கள்ளு உட்கார்ந்துவிட்டது. அந்தக் கறிக்கு என் ஆஸ்திரேலிய வைன் நன்றாகவே சேர்ந்தது என்று இன்றும் வாதிடுவேன். சீனி போட்டது இல்லை; போத்தலில் மீதி இருந்தது.

முந்திரிகை வைனை எப்படிச் செய்கிறீர்கள் என்று கேட்டேன். வத்தல், சீனி, ஈஸ்ட், கொதித்து ஆறிய தண்ணீர். நத்தாருக்கு (கிறிஸ்துமஸ்தான்) முன்னால் சாடியில் போட்டுத் துணி கட்டி, நாள் தவறாமல் மரக்கரண்டியால் கிளறி, மூன்று கிழமை கழித்து வடிப்பது. உலர்ந்த திராட்சையில் வைன் செய்வது இத்தாலியில் பெரிய இடத்து வேலை. அதற்கு அவர்கள் கேட்கிற விலையை அன்ரியிடம் நான் சொல்லவில்லை. அவருக்கு ஒரே குறை, சாடி சின்னது. அம்மாவின் பெரிய சாடி கடலோரத்து டச்பார் வீட்டில் இருந்தது. 2004 டிசம்பர் 26 காலை கடல் வந்தபோது நத்தார் வைன் இன்னும் அதில் பாதி இருந்ததாம். "சாடியும் போச்சு, வீடும் போச்சு" என்றார். சனங்களைப் பற்றி அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. மறுகா கறிச்சட்டியை என் பக்கம் தள்ளினார்.

புறப்படும்போது என் வைன் போத்தலைக் கழுவிக் கவிழ்த்து வைத்திருந்தார். அதன் மூடியை மட்டும் தனியே எடுத்து வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். எனக்குக் கூச்சமாக இருந்தது. திருகுமூடி என்றால் மலிவு, தக்கை என்றால் தரம் என்பது என்னைப் போன்றவர்கள் மனதில் ஊறிப்போன எண்ணம். 2000இல் ஆஸ்திரேலியாவின் கிளேர் பள்ளத்தாக்கில் ரீஸ்லிங் வைன் செய்கிறவர்கள் பலர் கூடி, தக்கையிலிருந்து வரும் பூஞ்சை நாற்றம் பொறுக்காமல் திருகுமூடிக்கு மாறினார்கள். அதெல்லாம் எனக்குத் தெரியும். தெரிந்தும், பரிசுக்குத் திருகுமூடி கொண்டுவந்துவிட்டோமே என்றுதான் அதுவரை நினைத்துக்கொண்டிருந்தேன்.

"இது நல்ல மூடி மனே. தக்கை எண்டா ஒருக்கா இழுத்தா உடைஞ்சிடும், மறுகா பாவிக்க ஒண்ணா."

மட்டக்களப்பில் யார் வீட்டுக்காவது வைன் எடுத்துப் போகிறவர்கள் திருகுமூடிப் போத்தலாகப் பார்த்து வாங்குங்கள். உள்ளே என்ன இருந்தாலும் பரவாயில்லை.