வரைபடத்தில் இல்லாத எடை

கும்பகோணத்துக்குத் தெற்கே அரசலாற்றை ஒட்டிய ஒரு கிராமம். அங்கே ஒரு பழைய வீட்டில், நெல் குதிர் நின்ற அறை இப்போது விமானப் பட்டறையாக இருக்கிறது. நான்கு சுவரிலும் ஆணியடித்து இறக்கைகளை மாட்டியிருக்கிறார்கள். பழைய கதவு ஒன்றைச் செங்கல் அடுக்கின் மேல் கிடத்தி, அதன்மேல் குண்டூசி இறங்கும்படியான மென்பலகையை ஒட்டி, அதன்மேல் ஒரு வரைபடத்தை விரித்திருக்கிறார்கள். வரைபடத்துக்கு மேலே கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் தாள். பசை வழிந்தாலும் காகிதத்தில் ஒட்டாது.

வரைபடம் ‘ஜூனியர் 60’ என்ற மாதிரி விமானத்தினுடையது. இங்கிலாந்தின் கீல்கிராஃப்ட் கம்பெனிக்காக ஆல்பர்ட் ஹட்ஃபுல் 1946இல் வடிவமைத்தது. இறக்கையின் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை 60 அங்குலம், அதாவது ஒன்றரை மீட்டர். பெட்டியில் போட்டு விற்ற அந்த கிட் அன்றைக்குப் பையன்கள் ஏங்கிய பொருள். அந்தப் பழைய பெட்டி கடைகளை விட்டுப் போய் வெகுகாலமாகிறது. வரைபடம் மட்டும் உலகம் முழுக்க ஆர்வலர்களிடம் நகல் நகலாகத் தப்பிப் பிழைத்திருக்கிறது.

இதைக் கட்டுகிறவர் பாலிடெக்னிக் ஒன்றில் பணிமனைப் பயிற்றுநராக இருந்து ஓய்வு பெற்றவர். பெயரை எழுத வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். ஊரில் அவர் வாத்தியார். இங்கும் அப்படியே இருக்கட்டும். கல்லூரிக் காலத்தில் என்.சி.சி. விமானப் பிரிவில் சேர்ந்தவர். அந்தப் பிரிவு 1950இல் தொடங்கியது. மாதிரி விமானம் கட்டுவது அதன் பயிற்சிகளில் ஒன்று. கல்கத்தாவில் தயாரான ‘அரோரா’ டீசல் எஞ்சினை அவர் முதலில் பார்த்தது அங்கேதான். கட்டைவிரல் கனம்தான் இருக்கும். அதற்கு எரிபொருள் மண்ணெண்ணெய், ஈதர், விளக்கெண்ணெய் மூன்றும் கலந்தது. “இன்னைக்கும் விளக்கெண்ணெய் வாசனை வந்தா எனக்குப் பிரசவ வீடு ஞாபகம் வராது தம்பி, மைதானம்தான் ஞாபகம் வரும்” என்றார்.

கிட் வாங்கிக் கட்டுவதும் வரைபடத்தை வைத்துக் கட்டுவதும் ஒன்றல்ல. கிட் பெட்டியில் இறக்கையின் விலா எலும்புகள் அச்சடித்தோ வெட்டியோ வந்துவிடும். சக்கரம், கம்பி, காகிதம் எல்லாம் உள்ளேயே இருக்கும். கம்பெனி மூடினாலோ கைமாறினாலோ பெட்டி நின்றுபோகும். 2018 ஜனவரியில் அமெரிக்காவின் ஹாபிகோ திவால் மனு கொடுத்தபோது, அதன் கீழிருந்த டாப் ஃப்ளைட், கிரேட் பிளேன்ஸ் போன்ற பெயர்களில் வந்துகொண்டிருந்த மரக் கிட்கள் ஒரேயடியாக அறுந்தன. அதற்குப் பிறகு கட்ட நினைக்கிறவன் வரைபடத்தைத் தேடி எடுத்து, எல்லா உறுப்பையும் தானே வெட்ட வேண்டும்.

வெட்டுவதற்கு முன்பே ஒரு சோதனை இருக்கிறது. பழைய தாளை யாரோ ஸ்கேன் செய்திருப்பார்கள்; அதற்குள் அந்தத் தாள் ஈரத்தில் இழுத்தோ காய்ந்து சுருங்கியோ இருக்கும். கும்பகோணத்தில் வீட்டு பிளான் பிரிண்ட் போடும் கடையில்தான் வாத்தியார் பெரிய தாளில் எடுக்கிறார். எடுத்ததும் வரைபடத்தில் அளவு எழுதியிருக்கிற இடங்களில் ஸ்டீல் ஸ்கேலை வைத்துப் பார்க்கிறார், நீளவாட்டிலும் குறுக்கிலும் தனித்தனியாக. முதல் நகலில் உடலின் நீளம் ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் கூடியிருந்தது, அகலம் சரியாக இருந்தது. ஒரே விகிதத்தில் பெரிதானால் பாதகமில்லை, விமானம் கொஞ்சம் பெரிதாகப் பறக்கும். ஒரு திசையில் மட்டும் இழுத்தால் விலாவின் வளைவே மாறிவிடும். அந்தத் தாளைச் சுருட்டி மூலையில் வைத்துவிட்டு, கடைக்காரரிடம் விகிதத்தைச் சொல்லி மறுபடி எடுத்தார்.

இதுவரை சொன்னதெல்லாம் பொறுமை இருந்தால் யாராலும் முடியும். எனக்கு இந்தக் கலையின் உயிர்நிலை தெரிந்தது அவர் சமையலறைத் தராசை எடுத்துவந்தபோதுதான்.

மூன்று பால்சா பலகைகள். மூன்றும் ஒரு மீட்டர் நீளம், பத்து சென்டிமீட்டர் அகலம், இரண்டு மில்லிமீட்டர் தடிமன். கண்ணுக்கு ஒன்றுபோல வெளிறிய பலகைகள். தராசில் முதலாவது 21 கிராம். இரண்டாவது 33. மூன்றாவது 52. ஒரே மரவகை, ஒரே கடை, ஒரே கட்டில் வந்தவை. பால்சா தென்னமெரிக்க மரம். உலகத்துக்குப் பெரும்பகுதி ஈக்வடாரிலிருந்து போகிறது. ஐந்தாறு ஆண்டுகளிலேயே வெட்டும் அளவுக்கு மளமளவென்று வளர்ந்துவிடும். வளர்ந்த வேகம், நின்ற இடம், மரத்தில் எந்தப் பகுதி என்பதைப் பொறுத்து ஒரு பலகை இன்னொன்றைவிட இரண்டரை மடங்கு கனக்கலாம்.

எடை மட்டுமல்ல, அறுத்த வாக்கும் முக்கியம். வாத்தியார் ஒரு பலகையை எடுத்து அகலவாட்டில் மெல்ல வளைத்தார். குழாய்போலச் சுருண்டு வந்தது. இன்னொன்றை அதேபோல வளைக்கப் போனார். அசையவில்லை, இன்னும் அழுத்தினால் படாரென்று பிளக்கும். அதை வெளிச்சத்தில் சாய்த்துக் காட்டினார். மேலெல்லாம் மீன்செதில்போல மினுங்கும் புள்ளிகள். விலா எலும்புக்கு இந்தப் புள்ளி விழுந்த பலகைதான் வேண்டும், வளையாது. உடலின் முன்பக்கத்தை வளைத்து மூட அந்தச் சுருளும் பலகை. கனமான பலகையிலிருந்து இறக்கையின் நெடுஞ்சட்டம். வாலுக்கு 21 கிராம் பலகையைத் தவிர வேறு எதையும் தொடவே மாட்டார். வால் வெகு தூரத்தில் இருப்பதால் அங்கே ஒரு கிராம் கூடினால், சமன் செய்ய மூக்கில் இரண்டு மூன்று கிராம் ஏற்ற வேண்டிவரும்.

“பிளான் வடிவத்தைச் சொல்லும் தம்பி. எந்தக் கட்டையை எடுக்கணும்னு சொல்லாது. அந்தக் காலத்துல கிட் போட்டவன் அதைத் தெரிஞ்சு பொறுக்கிப் பெட்டியில வச்சிருப்பான். இப்ப அவன் இல்ல. அவன் வேலையையும் நாமதான் பாக்கணும்.”

தயாரிப்பதை நிறுத்திவிட்ட ஒரு கிட்டோடு உண்மையில் மறைந்துபோவது இந்த அறிவு. லேசரில் வெட்டி விலாக்களை அச்சு அசலாகத் தரும் ஆட்கள் இன்று நம் நாட்டிலேயே இருக்கிறார்கள், அது பெரிய உதவி. ஆனால் லேசருக்கு 21 கிராமும் ஒன்றுதான், 52 கிராமும் ஒன்றுதான்.

தஞ்சாவூரில் இந்த அறிவு வேறொரு பெயரில் தலைமுறையாக இருக்கிறது என்று வாத்தியாரே என்னை நெட்டி வேலை செய்கிறவர் ஒருவரிடம் அனுப்பினார். நெட்டி ஏரி குளங்களில் வளரும் தண்டு. மாட்டுப் பொங்கலுக்கு மாட்டின் கழுத்தில் கட்டும் நெட்டி மாலையை டெல்டாவில் தெரியாதவர்கள் கிடையாது. அதே தண்டைக் காயவைத்து, மேல்தோலைச் சீவி, உள்ளேயுள்ள வெள்ளைச் சோற்றிலிருந்து பெரிய கோயில் விமானத்தை நிலை நிலையாகச் செதுக்குகிறார்கள். தஞ்சாவூர் நெட்டி வேலைக்கு 2020இல் புவிசார் குறியீடும் கிடைத்தது. அந்தக் கைவினைஞர் ஒரு கட்டு நெட்டியைப் பிரித்து, கட்டைவிரலால் ஒவ்வொன்றாக அழுத்தி மூன்று குவியலாகப் போட்டார். பேசிக்கொண்டே போட்டார், பார்க்கவே இல்லை. கெட்டியானது அடித்தளத்துக்கு, நடுத்தரம் சுவருக்கு, பஞ்சுபோல அமுங்குவது சிற்பத்துக்கு. “எப்படிங்க தெரியுது?” என்றேன். “கை சொல்லுதுங்க சார்” என்றார். நெட்டி ரொம்ப மிருது, பறக்கும் விமானத்தின் சட்டத்துக்கு ஆகாது. ஆனால் ஜூனியர் 60இன் இறக்கையும் உடலும் சேரும் மூலைக்கு வளைவாக நிரப்ப, வாத்தியார் இவரிடம் வாங்கிய நெட்டியைத்தான் வைத்திருக்கிறார். கத்தி பட்டதும் வெண்ணெயாகச் சீவ வருகிறது, எடை என்று சொல்ல ஒன்றுமில்லை.

உடலின் இரு பக்கங்களையும் வாத்தியார் ஒன்றின்மேல் ஒன்றாகவே கட்டுகிறார். ஐந்து மில்லிமீட்டர் சதுரக் குச்சிகளை வரைபடக் கோட்டின்மேல் படுக்கவைத்து, இருபுறமும் குண்டூசியால் அணைத்து, குறுக்குக் குச்சிகளை ஒவ்வொன்றாக அளந்து செருகுகிறார். குச்சி இடுக்கமாகவும் இருக்கக் கூடாது, ஆடவும் கூடாது. இடுக்கமானால் நெடுங்குச்சி வெளியே பிதுங்கும்; ஆடினால் பசையைத் திணித்து எடையைக் கூட்ட வேண்டும். காய்ந்த பின் பிளேடால் இரண்டையும் பிரிக்கும்போது, அச்சில் வார்த்த மாதிரி ஒன்றுபோல இரண்டு பக்கங்கள்.

மூடுவதுதான் காவிரிப் படுகையில் பெரும்பாடு. மூல வரைபடப்படி மெல்லிய காகிதத்தை ஒட்டி, ‘டோப்’ என்ற அரக்கு பூசி விறைக்க வைக்க வேண்டும். ஐப்பசி, கார்த்திகையில் டோப் பூசினால் கரைப்பான் ஆவியாகும்போது ஏற்படும் குளிர்ச்சியில் காற்றின் ஈரம் படிந்து, மேல்பரப்பு சுண்ணாம்படித்ததுபோல வெளுத்துவிடும். விறைத்த காகிதமும் அடைமழை நாளில் தொய்ந்துவிடுகிறது. அதனால் அவர் பங்குனிக்கு முன்பு டோப் டப்பாவைத் திறப்பதில்லை. இஸ்திரிப் பெட்டியால் சூடேற்றினால் இறுகும் பிளாஸ்டிக் உறை இருக்கிறதே என்றேன். இருக்கிறது, மற்ற விமானங்களுக்கு அதைத்தான் போட்டிருக்கிறார். இந்த ஒன்றுக்குக் காகிதம்தான் என்பதில் பிடிவாதமாக இருந்தார். உள்ளே இருக்கும் விலாவெல்லாம் வெயிலில் தெரிய வேண்டுமாம். அவர் பக்கம்தான் நானும்.

1946இல் இந்த விமானத்துக்கு ரேடியோ கிடையாது. 1937லேயே அமெரிக்காவில் வால்டர், வில்லியம் குட் என்ற இரட்டைச் சகோதரர்கள் ‘கஃப்’ என்ற மாதிரி விமானத்தை ரேடியோ வைத்துப் பறக்கவிட்டிருந்தார்கள். அது இன்று ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. ஆனால் சாதாரண ஆளின் கைக்கு அது எட்டாத காலம். எஞ்சினை முடுக்கி விட்டுவிட வேண்டியதுதான். காற்று கொண்டுபோன இடத்தில் இறங்கும். இங்கே அது நடக்காது. சம்பாவில் இறங்கினால் எடுக்கப் போகிறவன் காலில் நாலு குழிப் பயிர் நாசம். வயல்காரர் சும்மா இருக்க மாட்டார், இருக்கவும் கூடாது. எனவே ரேடியோ கட்டாயம். வால் சுக்கானுக்கும் கிடைச் சுக்கானுக்கும் திருப்பிவிட ஆளுக்கொரு சிறு சர்வோ, டீசல் எஞ்சினுக்குப் பதிலாக மின்மோட்டார், லித்தியம் பேட்டரி. 2022 பிப்ரவரியில் வெளிநாட்டு ட்ரோன்களை முழுதாகவோ பிரித்துப் போட்ட நிலையிலோ கொண்டுவருவதற்கு மத்திய அரசு தடை போட்டது, உதிரிபாகங்களுக்குத் தடையில்லை. மோட்டாரும் ரிசீவரும் கிடைத்துவிடுகின்றன.

இதில் ஒரு நுணுக்கம் உண்டு. தானாகப் பறக்கவென்று வரைந்த பழைய விமானங்களில் கிடைவாலும் கொஞ்சம் எடையைத் தூக்கும்படி வளைந்திருக்கும்; எடை மையமும் அதற்கேற்ப வெகுவாகப் பின்னால் இருக்கும். சுக்கானைத் திருப்பி ஓட்ட வேண்டுமென்றால் மையத்தை முன்னே கொண்டுவர வேண்டும். வாத்தியார் பேட்டரித் தட்டை மூக்குவரை நீட்டி, முன்னும் பின்னும் நகர்த்தும்படி செய்திருக்கிறார். ஈயக்கட்டி ஒன்றுகூட ஏற்றவில்லை என்று சொன்னபோதுதான் அவர் முகத்தில் பெருமையைப் பார்த்தேன்.

பறக்கவிட இடம் கிடைப்பது இன்னொரு கணக்கு. தஞ்சாவூர் விமானப்படை நிலையத்தில் 2020 முதல் சுகோய்-30 படையணி நிற்கிறது. அதன் பக்கம் தலைவைக்க முடியாது. 2021 ட்ரோன் விதிகளின்படி மாதிரி விமானம் 25 கிலோவுக்குள் இருக்க வேண்டும், ஓட்டுகிறவர் கண்பார்வைக்குள்தான் பறக்க வேண்டும். அரசின் வான்வெளி வரைபடத்தில் பச்சையாக இருக்கும் இடத்தைப் பார்த்து, 400 அடிக்குக் கீழே. சட்டம் இடம் கொடுத்தாலும் வயல் இடம் கொடுக்க வேண்டுமே. சம்பா அறுவடைக்கு ஒரு வாரம் பத்து நாள் முன்பே ஈரத்தில் உளுந்தும் பயறும் தெளித்துவிடுகிறார்கள். நெல்லை அறுத்ததும் அரிதாளுக்கு நடுவே அது பச்சை கட்டிவிடும். பயறும் எடுத்த பிறகு, சித்திரை வைகாசியில்தான் மண் வெறுமையாகிறது. அப்போது ஆட்டுக் கிடை வந்து உட்காரும். கிடை இல்லாத வயலாகப் பார்த்து, மேட்டூர் திறந்து தண்ணீர் வருவதற்குள், வெயில் ஏறிக் காற்று கிளம்புமுன் விடிகாலையில் பறக்கவிட வேண்டும்.

அப்படி ஒரு காலையில் நானும் போயிருந்தேன். வயல்களுக்கு ட்ரோனில் மருந்து அடிக்கும் இளைஞர் ஒருவரும் வந்திருந்தார். வாத்தியாரிடம் ஓராண்டாகப் பழகுகிறவர். அவர்தான் கையால் வீசினார். ஜூனியர் 60 ஓடவில்லை, துள்ளவில்லை. கையை விட்ட இடத்திலிருந்து அப்படியே மிதந்து ஏறியது. மோட்டாரைப் பாதிக்குக் குறைத்த பிறகும் இறங்க மனமில்லாமல் வட்டமடித்தது. காகிதத்துக்குள் விலாக்கள் ஒவ்வொன்றாக எண்ணும்படித் தெரிந்தன. “ட்ரோன் கையை எடுத்தா நிக்கும் சார், அது கம்ப்யூட்டர் நிறுத்துறது. இது மரமே நிக்குது” என்றார் அந்த இளைஞர். வாத்தியார் பதில் சொல்லவில்லை. கண் மேலே இருந்தது.

இறங்கியதும் இளைஞர் வரைபடத்துக்கு ஒரு நகல் கேட்டார். பிரிண்ட் கடை நகலைக் கொடுக்க வாத்தியாருக்கு மனம் வரவில்லை. வீட்டுக்கு வந்து தன் மேசையிலிருந்த தாளையே படமெடுத்துக்கொள்ளச் சொன்னார். ஹட்ஃபுல்லின் கோடுகளுக்குப் பக்கத்தில் பென்சிலில் தமிழ் எழுத்துகள். ‘விலா – 2 மி.மீ., 30 கிராமுக்குள், புள்ளி இழை.’ ‘நெடுங்குச்சி – நாலும் ஒரே பலகையில் அறுத்தது, கையில் தூக்கி ஒரே மாதிரி தொங்குதா பார்.’ ‘வால் – 22க்கு மேல் வேண்டாம், கிடைக்காவிட்டால் காத்திரு.’ ‘டோப் – பங்குனி.’ இளைஞர் அலைபேசியை வைத்துவிட்டு, ஒரு நோட்டுப் புத்தகம் வாங்கி அவற்றைக் கையாலேயே எழுதத் தொடங்கினார். அவரிடம் பால்சா இன்னும் ஒரு பலகைகூட இல்லை. தராசு வாங்கிவிட்டதாகச் சொன்னார்.