நாலு தட்டு, ஒரு இடைவெளி

மக்களே, மயக்க மருந்து பத்தி ஒரு சின்ன த்ரெட். கொஞ்சம் எலக்ட்ரானிக்ஸும் வரும், பயப்படாதீங்க.

1) பெரிய ஆபரேஷன்களில் மயக்க மருந்தோடு தசைகளைத் தளர்த்தும் மருந்தும் கொடுப்போம். வெக்குரோனியம், அட்ராகுரியம் எல்லாம் இந்த வகை. மூச்சுத் தசையும் தளர்ந்துவிடும் என்பதால்தான் வென்டிலேட்டர். ஆபரேஷன் முடிஞ்சு குழாயை எடுக்கும் முன் ஒரே கேள்வி: தசைக்குப் பலம் முழுசா திரும்பிடுச்சா?

2) "தலையைத் தூக்குங்க" என்றால் 5 செகண்ட் தூக்கிக் காட்டுபவருக்கும் தொண்டைத் தசையில் பலவீனம் மிச்சம் இருக்கலாம். அப்படியே குழாயை எடுத்தால் மூச்சுப்பாதை அடைக்கலாம், எச்சில் நுரையீரலுக்குப் போகலாம்.

3) அதனால் நரம்பையே கேட்கிறோம். மணிக்கட்டில் அல்நார் நரம்பு மேல் ஸ்டிக்கர் ஒட்டி, அரை செகண்டுக்கு ஒன்றாக நாலு மின்தட்டு. கட்டைவிரல் நாலு முறை துடிக்கணும். பேர்: ட்ரெய்ன் ஆஃப் ஃபோர். 1970-ல் அலி, அட்டிங், கிரே மூவரும் எழுதிய முறை.

4) பயோமெடிக்கல் மாணவர்களே, இதுதான் உங்க லேப் ஃபங்ஷன் ஜெனரேட்டரில் இருக்கிற 'பர்ஸ்ட்'. சாதாரணமா அலை நிற்காம ஓடும். பர்ஸ்ட்டில் எண்ணி சில அலை, பிறகு மௌனம், மறுபடி அதே எண்ணிக்கை.

5) செட் பண்ணிப் பாருங்க:
அலை: பல்ஸ்
ஃப்ரீக்வென்சி: 2 ஹெர்ட்ஸ்
பல்ஸ் அகலம்: 200 மைக்ரோசெகண்ட்
சைக்கிள்: 4
பர்ஸ்ட் பீரியட்: 12 செகண்ட்
ட்ரிகர்: இன்டர்னல்

6) குழப்பம் வரும் இடம் இது. 2 ஹெர்ட்ஸ் என்பது பர்ஸ்ட்டுக்கு உள்ளே இருக்கும் வேகம். 12 செகண்ட் என்பது ஒரு பர்ஸ்ட் தொடங்கி அடுத்தது தொடங்கும் வரை. கடைசி தட்டு 1.5-வது செகண்டில் முடியுது. ஆக உண்மையான ஓய்வு சுமார் 10.5 செகண்ட்.

7) ஆசிலோஸ்கோப்பில் தட்டே தெரியலையா? 12 செகண்டை ஒரே திரையில் பார்க்கும்போது 200 மைக்ரோசெகண்ட் கண்ணில் படாமல் போகலாம். பீக் டிடெக்ட் போடுங்க. வோல்டேஜ் இரண்டு மடங்கு காட்டுதா? ஜெனரேட்டர் 50 ஓம் லோடு என்று கணக்குப் போட்டிருக்கும். ஹை இசட்டுக்கு மாத்துங்க.

8) அந்த ஓய்வு எதுக்கு? அடுத்தடுத்து தட்டும்போது நரம்பு முனை வெளிவிடும் அசிடைல்கோலின் குறைந்துகொண்டே வரும். நல்ல தசைக்கு அது பொருட்டில்லை. மருந்து மிச்சம் இருக்கும் தசையில் நாலாவது துடிப்பு சோர்ந்துவிடும். அந்தச் சோர்வைத்தான் அளக்கிறோம். ஓய்வு கொடுக்காம மறுபடி தட்டினா, முதல் துடிப்பே களைச்சுப்போய்த்தான் வரும். அளவு பொய்யாகும்.

9) முதல் துடிப்பு 10 பங்கு என்றால் நாலாவது 9 பங்காவது இருக்கணும். அதாவது 0.9. ஆனா 0.4 தாண்டினாலே நம்ம கண்ணுக்கும் கைக்கும் நாலும் ஒரே மாதிரிதான் தெரியும்! அனுபவம் எவ்வளவு இருந்தாலும் இந்த இடைவெளியைக் கண்ணால் பிடிக்க முடியாது. எண்ணாகக் காட்டும் மானிட்டர் வேணும் என்று சொல்வது இதனால்தான்.

10) எச்சரிக்கை: ஃபங்ஷன் ஜெனரேட்டரை எந்தக் காரணத்துக்காகவும் உடம்பில் இணைக்காதீங்க. அது மனிதருக்கான பாதுகாப்போடு செய்தது இல்லை. சிக்னலைத் திரையில் பார்க்க மட்டும்தான். உடம்புக்குத் தனியா நரம்பு ஸ்டிமுலேட்டர் இருக்கு.

11) உங்களுக்கோ வீட்டில் யாருக்கோ ஆபரேஷன் என்றால், மயக்க டாக்டரிடம் இதை மறக்காமல் சொல்லுங்க: மயஸ்தீனியா மாதிரி தசை நோய், சிறுநீரகக் கோளாறு, முன்பு மயக்கம் தெளியத் தாமதமானது. "தசை பலம் திரும்பியதை மானிட்டர் வச்சுப் பார்ப்பீங்களா டாக்டர்?" என்று கேட்பதும் தப்பே இல்லை. மயக்கம் தெளிவது வேறு, தசை தெளிவது வேறு.