அண்டை வீட்டு நாயும் கோடை வெயிலும்



கிணற்றில் இறங்கித் தன் தாகம் தீர்த்து மேலேறிய ஒருவர், தாகத்தால் நாக்கைத் தொங்கவிட்டு ஈர மண்ணை நக்கிக்கொண்டிருந்த நாயைக் கண்டார். மீண்டும் இறங்கித் தம் காலுறையில் நீர் முகந்து வந்து அதற்குப் புகட்டினார். அதற்காக அல்லாஹ் அவரை மன்னித்தான் என்று நபி (ஸல்) அவர்கள் அறிவித்த செய்தியை நாம் சிறுவயது முதலே கேட்டு வருகிறோம். ஆயினும், நாய் ஏன் அவ்வாறு இளைக்கிறது என்பதைச் சென்ற கோடையில்தான் நான் அறிந்துகொண்டேன்.

சென்னையில் எங்கள் அடுக்ககத்தின் எதிர் வீட்டில் வசிப்பவர் ஓய்வுபெற்ற ஆசிரியை. மூட்டு அறுவைச் சிகிச்சைக்குப் பின் அவரால் படியிறங்க இயலவில்லை. "பாய், காலையில் மட்டும் இவனைச் சற்று நடத்திக்கொண்டு வருவீர்களா?" என்று தயக்கத்துடன் கேட்டார். 'இவன்' ஒரு பக் நாய். 2003இல் ஹட்ச் கைப்பேசி விளம்பரத்தில் வந்து நாடெங்கும் அறிமுகமான அதே தட்டைமுக இனம்.

உம்மா முகம் சுளித்தார். நாங்கள் ஷாஃபிஈ மத்ஹபினர். நாயின் எச்சிலோ ஈரமோ பட்டால் ஏழு முறை, அவற்றுள் ஒரு முறை மண் கலந்த நீரால், கழுவ வேண்டும். ஆகவே அதற்கெனத் தனி உடை வைத்துக்கொண்டேன். ஃபஜ்ர் தொழுத பின்னரே கயிற்றைப் பிடித்தேன். தூய்மையின் சட்டமும் அண்டை வீட்டாரின் உரிமையும் ஒன்றுக்கொன்று தடையாகவில்லை.

கால்நடை மருத்துவர் தொலைபேசியில் விளக்கியவை எனக்குப் புதியவை. நமக்கு உடல் முழுதும் வியர்க்கிறது. நாய்க்கோ பாதங்களில் மட்டும், அதுவும் சிறிதளவே வியர்க்கும். விரைந்து மூச்சுவிட்டு, நாக்கிலும் மூக்கினுள்ளும் உள்ள ஈரத்தை ஆவியாக்கியே அது தன் உடலைக் குளிர்விக்கிறது. பக், புல்டாக் போன்ற இனங்களுக்கு மூக்குத்துளை குறுகல்; மேல்வாயின் மென்தசை நீண்டு தொண்டையை மறைக்கும். இளைக்க இளைக்கத் தொண்டை வீங்கி வழி மேலும் சுருங்கும். உடலைக் குளிர்விக்கும் முயற்சியே சூட்டைக் கூட்டிவிடும். கடற்காற்று நமக்கு இதமானது. ஆனால் காற்றில் ஈரம் மிகுந்தால் நாயின் நாக்கிலுள்ள ஈரம் எளிதில் ஆவியாகாது.

மே மாதத்தில் சென்னையில் ஏறத்தாழ 5.45 மணிக்குச் சூரியன் உதிக்கிறது. அதற்குள் பதினைந்து நிமிட மெதுநடையை முடித்துவிடுவோம். கழுத்தை இறுக்கும் பட்டைக்கு மாற்றாக மார்புப் பட்டை. கையில் ஒரு குப்பி நீர். புறங்கையைத் தார்ச்சாலையில் ஏழு நொடி வைக்க முடியாவிட்டால் அன்று நடையில்லை. பகலெல்லாம் வெயிலை உண்ட சாலை மக்ரிப் நேரத்திலும் அதை உமிழ்ந்துகொண்டிருக்கும் என்பதால் மாலை நடையை விட்டுவிட்டோம்.

விடுமுறைக்கு வந்த பேரன் ஒருநாள் அஸருக்குப் பின் மொட்டைமாடியில் பந்து வீசினான். நாயும் சளைக்காமல் ஓடிக் கவ்வி வந்தது. சிறுவனின் அலறல் கேட்டு நாங்கள் ஓடியபோது அது சரிந்து கிடந்தது. குறட்டை போன்ற மூச்சு. நாக்கில் நீலம் பாய்ந்திருந்தது.

வாரியெடுத்து வீட்டு வாசலுக்குக் கொண்டுவந்தேன். மேல்நிலைத் தொட்டியிலிருந்து வந்த குழாய் நீர் கொதித்தது. உம்மா ஒரு சொல்லும் பேசாமல் குடிநீர்க் குடத்தைத் தூக்கி வந்து அதன் உடல்மீது ஊற்றினார். என் மனைவி மின்விசிறியை அருகில் வைத்தாள். நினைவு தடுமாறும் நாயின் வாயில் நீர் ஊற்றலாகாது, புரையேறிவிடும். ஈரத் துண்டால் போர்த்தினால் சூடு உள்ளேயே தங்கிவிடும். மருத்துவர் முன்பே சொன்ன இவை அன்று கைகொடுத்தன. நன்றாக நனைத்த பின்னரே ஆட்டோவில் ஏற்றினோம். முதலில் குளிர்வித்தது உயிரைக் காத்தது என்றார் மருத்துவர். அல்ஹம்துலில்லாஹ்.

அந்தச் சிறுவன் கொடியவன் அல்லன். நாயின்மேல் உயிரையே வைத்திருப்பவன். தன்னை நேசிப்பவர் பந்து வீசும்வரை நாய் ஓடும். 'போதும்' என்று சொல்ல அதற்கு வாயில்லை. அச்சொல்லைச் சொல்லவேண்டியவர் பந்தையோ கயிற்றையோ கையில் வைத்திருப்பவரே. அமானிதம் என்பதன் பொருள் இதுவன்றி வேறென்ன?

நம்மில் பெரும்பாலோர் வீட்டில் நாய் வளர்ப்பதில்லை. ஆனால் நம் அண்டை வீட்டார் வளர்க்கிறார்கள். நம் பிள்ளைகள் அவற்றோடு விளையாடுகிறார்கள். மூச்சில் கரகரப்பு எழுந்தாலோ, நாய் நிழலைத் தேடிப் படுத்தாலோ, விளையாட்டை அக்கணமே நிறுத்த வேண்டும் என்று அவர்களுக்குக் கற்றுக்கொடுப்போம்.

வாயில்லா உயிர்களின் களைப்பை உணரும் உள்ளத்தை அல்லாஹ் நமக்கும் நம் மக்களுக்கும் அருள்வானாக. ஆமீன்.