காணாமல் போன நீர்மூழ்கியும் எங்கட மாமாவும்

சிட்னியில இருக்கிற மச்சான் ஒருநாள் வட்ஸ்அப்பில ஒரு வீடியோ அனுப்பியிருந்தான். "மச்சாள், உனக்கு உந்தக் கடல் கதையள் விருப்பமெல்லோ, பார்." அவ்வளவுதான் எழுதியிருந்தான். இருட்டுத் தண்ணி. ஒரு வெளிச்சம் மெல்ல மெல்லக் கிட்டப் போகுது. துருவும் கடற்பாசியும் மூடின ஒரு நீள இரும்பு. முதலில் ஏதோ பழைய கப்பல் என்றுதான் நினைத்தேன். பிறகு தேடி வாசித்தேன். அன்றிரவு நித்திரை வரவில்லை.

அதன் பெயர் ஏ.ஈ.1. ஒரு நீர்மூழ்கி. 1914இல் 35 பேரோடு காணாமல் போனது. 2017இல் கண்டுபிடித்தார்கள். இடையில் 103 வருசம்.

எனக்கு ஏன் நித்திரை வரவில்லை என்று சொல்ல வேண்டுமென்றால் எங்கள் வீட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். நாங்கள் பேசாலை. அம்மாவுக்கு ஒரு தம்பி இருந்தார். 'இருந்தார்' என்று நான் எழுதுகிறேன், அம்மம்மா அப்படிச் சொல்லவே மாட்டார். "அவன் இன்னும் வரேல்ல" என்பார். 19 வயதில், பின்னேரம் இரண்டு பேரோடு வலை போடப் போனவர். ஆளும் வரவில்லை, வள்ளமும் வரவில்லை, ஒரு பலகைத் துண்டுகூடக் கரைக்கு ஒதுங்கவில்லை. அது யுத்தகாலம். கடலில் காணாமல் போவதற்கு அப்போது காற்று மட்டும் காரணமாக இருக்கவில்லை. நான் பிறக்க முந்திய கதை. ஆனால் நவம்பர் 2ஆம் திகதி, ஆத்துமாக்கள் திருநாளுக்கு, சேமக்காலையில் எல்லோரும் தங்கட ஆக்களின் குழியில் மெழுகுதிரி கொளுத்த, அம்மம்மா எந்தக் குழியடியிலும் நிற்காமல் அங்கும் இங்கும் நடப்பதைச் சின்னனிலிருந்தே பார்த்திருக்கிறேன்.

சரி, நீர்மூழ்கிக்கு வாறன்.

ஏ.ஈ.1, ஏ.ஈ.2 என்று இரட்டைப் பிள்ளைகள் மாதிரி இரண்டு. பிரித்தானியாவின் 'ஈ' வகை நீர்மூழ்கிகள். பாரோ-இன்-ஃபர்னஸ் என்ற ஊரில் விக்கர்ஸ் கம்பனி, அவுஸ்திரேலியக் கடற்படைக்காகக் கட்டியது. நீளம் 55 மீற்றர், எங்கட ஊர் பஸ் ஐந்தை வரிசையாக விட்டால் வரும் நீளம். அதற்குள்ளேதான் டீசல் இயந்திரம், மின்கலங்கள், டோர்பிடோக் குழாய்கள், 35 மனிதர்கள். மேலே மிதக்கும்போது டீசல். தாழும்போது மின்கலம். தாங்கிகளைத் திறந்து கடல் தண்ணியை உள்ளே விட்டால் தாழும், காற்றை அடித்து அந்தத் தண்ணியை வெளியே தள்ளினால் எழும். கேட்க எவ்வளவு சுகமாக இருக்கிறது.

1914 பெப்ரவரி 28 இரண்டும் சேவையில் சேர்ந்தன. அதற்கு நாலு நாள் முந்தித்தான், பெப்ரவரி 24, அந்தப் பக்கம் பாம்பன் பாலம் திறந்தார்கள். தலைமன்னாருக்கும் தனுஷ்கோடிக்கும் ரயில்கப்பல் ஓடத் தொடங்கியது அந்த வருசம்தான். எங்கட பியரடி புதுசாக நின்ற காலம். மார்ச் 2 போர்ட்ஸ்மவுத்தை விட்டு வெளிக்கிட்ட நீர்மூழ்கிகள் சுயஸ், ஏடன் கடந்து கொழும்புக்கு வந்தன. பாதி பிரித்தானியர், பாதி அவுஸ்திரேலியர். அந்த வெயிலில் இரும்புக் குழாய்க்குள் அவர்கள் எப்படிக் கிடந்திருப்பார்கள் என்று யோசிக்கவே வியர்க்கிறது. வழியில் ஏ.ஈ.2இன் சுழலி இதழ் முறிந்தது. பாதையில் ஒரு பங்கை வேறு கப்பல் கட்டி இழுத்துத்தான் கடந்தார்கள். மே 24 சிட்னி, 83 நாள். அந்தக் காலத்தில் ஒரு நீர்மூழ்கி போன ஆகக்கூடிய தூரம் அது.

எங்கட கடலுக்கு அவை வரவில்லை, வரவும் ஏலாது. மன்னார்க் குடாவின் தென்வாசல் பக்கமாகக் கொழும்புக்குப் போயிருக்கும், அவ்வளவுதான். இந்தப் பக்கத்து மணல்தீடைகளில் சில இடங்களில் ஆளே நடந்து போகலாம். மேலே மிதப்பதற்கே அவற்றுக்குக் கிட்டத்தட்ட 4 மீற்றர் ஆழம் வேணும்.

ஆனால் மூழ்குகிற மனிதர்கள் எங்களிடமும் இருந்தார்கள், நூற்றாண்டுக் கணக்காக. அரிப்பு, சிலாவத்துறைப் பக்கம் முத்துக் குளித்தவர்கள் காலில் கல்லைக் கட்டி இறங்குவார்கள். இடுப்பில் கயிறு. மேலே வள்ளத்தில் ஒருவர் அந்தக் கயிற்றைப் பிடித்திருப்பார், அசைவு தெரிந்ததும் இழுப்பார். கயிறு பிடிக்கிறவர் மச்சானாக இருக்க வேணும் என்று எங்கட பக்கம் சொல்லுவார்கள். தங்கச்சி தாலி அறுக்கக் கூடாது என்ற பயத்திலாவது கவனமாகப் பிடிப்பானாம்! எனக்கு அந்தக் கதை பிடிக்கும். கீழே போகிறவன் எங்கே இருக்கிறான் என்று மேலே ஒரு கைக்கு எப்போதும் தெரிந்திருக்கிறது.

ஏ.ஈ.1இன் கயிற்றைப் பிடிக்க ஆளில்லை. யுத்தம் தொடங்க, ஜெர்மன்காரர் வைத்திருந்த ரபாவுலைப் பிடிக்கப் போன படையோடு அதையும் அனுப்பினார்கள். செப்டெம்பர் 14, பரமற்றா என்ற நாசகாரிக் கப்பலோடு ரோந்து. பின்னேரம் மூன்று மணி கழிந்து, புகார் மாதிரி மூடின வெளிச்சத்தில் அதைக் கடைசியாகக் கண்டார்கள். பிறகு இல்லை. தேடினார்கள். எண்ணெய்ப் படலம் இல்லை, பலகை இல்லை, உடல் இல்லை. தளபதி தோமஸ் பெசண்ட் உட்பட 35 பேரும் போய்விட்டார்கள்.

ஏ.ஈ.2 இன்னொரு முறை கொழும்பு வழியாகப் போனது, 1915 தொடக்கத்தில், இந்தமுறை தனியாக. கலிப்பொலிச் சண்டை தொடங்கின ஏப்ரல் 25 அன்று தார்தனெல்சு நீரிணையைத் தாண்டி உள்ளே புகுந்து, ஐந்து நாளில் அடிபட்டது. தளபதி ஸ்டோக்கர் ஆட்களை வெளியேற்றிவிட்டு அதைத் தானே தாழ்த்தினார். எல்லோரும் உயிரோடு பிடிபட்டார்கள், நாலு பேர் சிறையில் இறந்தார்கள். ஸ்டோக்கர் பிறகு நாடக நடிகரானார், அது தனிக்கதை. சிங்கப்பூரிலிருந்து இந்த இரண்டையும் கூட்டிக்கொண்டு போன 'சிட்னி' கப்பல்தான் அந்த நவம்பரில் எம்டனை அடித்தது. ஆம், குழப்படிக்காரப் பெடியனை "இவன் ஒரு எம்டன்" என்று அப்பப்பா பேசுவாரே, அதே எம்டன்.

ஏ.ஈ.1ஐ விடாமல் தேடினார்கள். 1970களில் ஜோன் ஃபாஸ்டர் என்ற கடற்படை அதிகாரி தொடங்கிவைத்தார். கிடைத்தபோது அவர் உயிரோடு இல்லை. 12 தேடல்கள் தோற்று, 13ஆவதில், 2017 டிசம்பரில், டியூக் ஒஃப் யோர்க் தீவுகளுக்குக் கிட்ட, 300 மீற்றருக்கும் கீழே கண்டார்கள். அடுத்த வருசம் கமெரா இறக்கிப் பார்த்ததில், காற்றோட்ட வால்வு ஒன்று முழுதாக மூடுப்படவில்லை என்று தெரிந்தது. தாழும்போது அதனால் தண்ணி புகுந்திருக்கலாம் என்கிறார்கள். எதிரி இல்லை, குண்டு இல்லை. ஒரு வால்வு.

உண்மையைச் சொன்னால் எனக்குப் பொறாமைதான் வந்தது. பிறகு அந்தப் பொறாமையை நினைத்து வெட்கமும் வந்தது. அந்த 35 பேரின் பேரப்பிள்ளைகளும் என் அம்மாவைப் போலத்தானே ஒரு படத்தை வைத்துக்கொண்டு இருந்திருப்பார்கள். ஆனால் அவர்கள் பேரரசின் ஆட்கள். பெயர், வயது, பதவி எல்லாம் எழுதி வைத்திருந்தார்கள். தேடக் கப்பலும் காசும் அரசும் இருந்தது. மாமா போன வள்ளத்துக்கு ஒரு இலக்கம் இருந்ததா என்றுகூட வீட்டில் ஒருவருக்கும் நினைவில்லை. தேடப் போனவர்கள் பக்கத்து வீட்டுக்காரர், மூன்று நாள். நாலாம் நாள் கடலுக்குப் போகத் தடை.

வீடியோவை அம்மம்மாவுக்குக் காட்டுவதா விடுவதா என்று கனநாள் யோசித்தேன். போன நவம்பர், சேமக்காலைக்குப் போய் வந்த இரவு, காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கிட்ட வைத்துப் பார்த்தார். கதையைச் சொன்னேன். தேடப் போன கப்பலிலேயே அவர்களுக்காகச் செபம் சொன்னார்கள் என்றும் சொன்னேன். தலையாட்டினார்.

"எவ்வளவு ஆழமாம்?"

"முந்நூறு மீற்றருக்கு மேல, அம்மம்மா."

"பாகத்தில சொல்லு பிள்ள."

போனில் கணக்குப் பார்த்தேன். "நூற்றி அறுபது பாகத்துக்கு மேல."

கொஞ்சநேரம் பேசவில்லை. வீடியோ முடிந்து திரை கறுத்துப்போனது. போனைத் திருப்பித் தந்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

"எங்கட பக்கம் ஏழு பாகம்கூட இல்லையே," என்றார்.