அழகுப் பொருளும் இரசாயன நூலும்

இரசாயனம் பயின்றவனுக்கு என்ன தொழில் உண்டு என்று வினவினால், நெல்லைச் சீமைப் பெற்றோர் பெரும்பாலும் மூன்று விடைகளே கூறுவர்: ஆசிரியர் பணி, அரசாங்க உத்தியோகம், மருந்துச் சாலை. இம்மூன்றினுள்ளும் அடங்காத தொழில் ஒன்றை யாம் மேற்கொண்டோம். முகப்பூச்சு, சோப்பு, ஷாம்பு, கூந்தல் தைலம் முதலியவற்றை ஆக்கும் இரசாயனத் தொழில் அது. “படித்த படிப்பெல்லாம் பவுடர் கலக்கத்தானா?” என்று உற்றார் நகைத்தனர். பட்டம் பெற்று வெளியேறும் நம் கல்லூரி மாணவர் சிலர்க்கும் அதே நகைப்பு நேரக்கூடும். ஆதலின், இத்தொழிலின் இயல்பைச் சிறிது விளக்குவது பயனுடைத்து என்று கருதினோம்.

இது நம் நாட்டிற்குப் புதிய வித்தை அன்று. எண்ணெய் தேய்த்துச் சிகைக்காயால் தலை முழுகும் வழக்கம் நம் இல்லங்களில் தொன்றுதொட்டு வருவது. சிகைக்காயில் உள்ள சபோனின் என்னும் பொருளே நுரைத்து எண்ணெயை நீக்குகின்றது. பாட்டிமார் அதன் பெயர் அறியார், பயன் அறிவர். பெயரையும் காரணத்தையும் அறிந்தால், அதே பயனை வேறிடத்தும் வேறு பொருளாலும் பெறலாம். தாமிரபரணியில் நீராடுவோர்க்குச் சோப்பு எளிதில் நுரைக்கும். தேரிக்காட்டுப் பக்கத்து உவர்நீர்க் கிணற்றடியிலோ அதே சோப்பு தயிர்போல் திரிந்து கூந்தலில் ஒட்டிக்கொள்ளும். நீரிலுள்ள கால்சியம், மக்னீசியம் என்பவற்றின் உப்புகள் சோப்போடு கூடிக் கரையாப் பொருளாதலே இதற்குக் காரணம். ஷாம்புவில் சேரும் செயற்கை நுரைப்பொருள்கள் இவ்வாறு எளிதில் திரிவதில்லை. ஆகவே, உவர்நீர் ஊராருக்கு ஷாம்பு வெறும் ஆடம்பரம் அன்று என்பது விளங்கும்.

நிற்க. ‘ஸ்நோ’ என்று வழங்கும் முகப்பூச்சு எவ்வாறு உண்டாகின்றது? ஸ்டியரிக் அமிலத்தை உருக்கி ஒரு கலத்திலும், சிறிதளவு காரமும் கிளிசரினும் கலந்த நீரை மற்றொரு கலத்திலுமாக, இரண்டையும் ஏறக்குறைய 75 பாகை சென்டிகிரேடு வெப்பத்துக்குக் காய்ச்சி, ஒன்றாகக் கூட்டிக் கலக்க வேண்டும். அமிலத்தில் ஒரு பகுதி காரத்தோடு கூடிச் சோப்பாகின்றது. அச்சோப்பே எஞ்சிய அமிலத்தை நுண்துளிகளாக நீரில் தாங்கி நிற்கின்றது. கலக்கும் வேகமும் ஆறவைக்கும் முறையும் பிழைத்தால் வெண்ணெய்போன்ற பூச்சு மணல்மணலாய்த் திரண்டுவிடும். எண்ணெயும் நீரும் கலவா என்பது பழமொழி. கலக்கச் செய்து, கலந்தவை பிரியாமல் காப்பது எம் தொழில்.

காப்பது என்றோம், அதுவே ஆக்குவதினும் அரியது. நீருள்ள பண்டம் எதிலும் பூஞ்சையும் கிருமியும் குடியேறும். அன்றியும், குளிர்நாட்டில் ஆண்டு முழுதும் கெடாத பூச்சு, அக்கினி நட்சத்திரத்துப் பாளையங்கோட்டைக் கடைப்பலகையில் உருகிப் பிரிந்துவிடலாம். ஆதலால் புதிய பொருள் ஒவ்வொன்றையும் 40 பாகை வெப்ப அறையில் மாதக்கணக்கில் வைத்துச் சோதிக்கின்றோம். நிறம், மணம், புளிப்புக் காரத் தன்மை ஆகியவற்றை வாரந்தோறும் ஏட்டில் குறிக்கின்றோம். பொறுமையில்லாதவர்க்கு இத்தொழில் ஏற்றதன்று.

இத்துறையில் முன்சென்றோர் வரலாறு ஊக்கம் அளிப்பது. முதல் உலகப் போரினால் மைசூர்ச் சந்தனக்கட்டையின் ஏற்றுமதி தடைப்பட்டபோது, இந்திய விஞ்ஞானக் கழகப் பேராசிரியர்களான சட்பரோ, வாட்சன் இருவரும் தைலம் வடிக்கும் முறையை ஆராய்ந்தனர். 1916-இல் தைலச் சாலை எழுந்தது. எஸ். ஜி. சாஸ்திரி என்னும் இரசாயன வல்லுநர் இங்கிலாந்து சென்று சோப்பு வித்தை கற்று மீண்டு, மைசூர்ச் சந்தனச் சோப்பை உருவாக்கினார். விற்பனையாகாது தேங்கிய மரம் ஒரு நாட்டின் புகழாயிற்று. நம் தமிழ்நாட்டிலோ, கடலூர்ச் சின்னி கிருஷ்ணன், புட்டி வாங்க இயலாத ஏழையும் வாங்கும்படி ஷாம்புவைச் சிறு உறைகளில் அடைக்கும் வழி கண்டார். அவர் மைந்தர் சி. கே. ரங்கநாதன் 1983-இல் 15,000 ரூபாய் முதலுடன் தொடங்கிய தொழில், பின்னர்க் கெவின்கேர் என்னும் பெருநிறுவனமாயிற்று.

ஆயினும், இத்தொழிலில் மனச்சான்றுக்குச் சோதனை உண்டு. எம் தொடக்க நாள்களில், யாம் பணிபுரிந்த சாலை ஒன்றின் விற்பனைப் பகுதியார், ‘ஏழே நாளில் கருமை அகலும்’ என்னும் தொடரை டப்பியின்மேல் அச்சிடுவதற்குச் சான்று எழுதித் தருமாறு எம்மை வேண்டினர். எம் சோதனை ஏட்டில் அதற்கு ஆதாரம் சிறிதும் இல்லை. யாம் கையொப்பமிட மறுத்தோம். அவ்வாண்டு எமக்கு ஊதிய உயர்வு கிட்டவில்லை; அத்தொடர் வேறொருவர் கையொப்பத்துடன் அச்சேறிற்று. சில திங்களில் யாம் அவ்விடம் விட்டு நீங்கினோம். கருநிறத்தைக் குறையென்று கருதும் மயக்கம் நம்மிடையே வேரூன்றியிருத்தலின், அம்மயக்கத்தை விற்பார்க்கு இலாபம் மிகுதி. களவாக விற்கும் சில வெண்மைப் பூச்சுகளில் பாதரசம் கலந்திருப்பதுண்டு. அது தோலின் நிறப்பொருள் உண்டாவதைத் தடுக்கும். அத்தோடு நில்லாது சிறுநீரகத்தையும் கெடுக்கும். இந்தியச் சட்டம், கண்ணைச் சுற்றிப் பூசுவன அல்லாத பொருள்களில், தன்னையறியாது கலக்கும் பாதரசமும் பத்து இலட்சத்தில் ஒரு பங்கினை மிகலாகாது என்று விதிக்கின்றது. அந்த ஒரு பங்கைக் கண்டு சொல்ல வல்லவன் இரசாயனி ஒருவனே. திருமணத்திற்கு முன் முகம் வெளுக்க வேண்டுமென்று அஞ்சி, கடையில் கிடைத்ததை வாங்கிப் பூசும் ஏழைப் பெண்ணுக்கு அவன் நேர்மையன்றிக் காவல் வேறில்லை.

பெண்ணுக்கு மட்டுமோ? ஆற்றுக்கும் அதுவே காவல். தலையிலிருந்து கழிந்த நுரை எங்கே போகின்றது? குற்றால அருவிகளில் எண்ணெயும் சோப்பும் ஷாம்புவும் பயன்படுத்தலாகாது என்று தடை செய்யப்பட்டுள்ளது. அந்நீர் சிற்றாறாய் ஓடித் தாமிரபரணியில் கலக்கின்றது. நீரில் விரைந்து சிதைந்தொழியும் நுரைப்பொருளைத் தேர்ந்தெடுப்பது ஆய்வுமேசையில் இருப்பவன் கையில் உள்ளது.

இத்துறையை விரும்பும் மாணவர், கரிம இரசாயனத்தோடு கூழ்மங்களின் இயல்பையும் கிருமி நூலையும் கருத்தூன்றிப் பயில்க. மேற்படிப்புக்கு, 1933-இல் தோன்றிய மும்பை இரசாயனத் தொழில்நுட்பக் கழகமும், எண்ணெய்த் தொழில்நுட்பம் கற்பிக்கும் கான்பூர் ஹார்கோர்ட் பட்லர் பல்கலைக்கழகமும் உள. நறுமணப் பயிற்சிக்குக் கன்னோசியில் ஒரு நடுவம் உண்டு. அழகுப் பொருள் ஆக்கும் சாலையில் தகுதி பெற்ற ஒருவரேனும் முழுநேரமும் இருந்து மேற்பார்வை செய்தல் வேண்டும் என்பது சட்டமாதலின், நேர்மையாளர்க்கு இடம் உண்டு. தொடக்கத்தில் ஊதியம் சிறிதாகலாம். கற்பதற்குச் சிறுசாலையே சிறந்த பள்ளி.

மூலப்பொருளுக்கும் நம் பக்கத்தில் குறைவில்லை. தென்னையும் எள்ளும் வெட்டிவேரும் உண்டு. மணவாளக்குறிச்சிக் கருமணலிலுள்ள இல்மனைட்டிலிருந்து எடுக்கத்தகும் டைட்டானியம் டை ஆக்சைடே வெயில் காப்புப் பூச்சுகளில் சேர்வது. மணலும் மரமும் இங்கிருக்க, அவற்றை ஆராயும் கண் மட்டும் வெளியூரிலிருந்து வரவேண்டும் என்பது என்ன நியாயம்? நகைப்பாரை நகைக்க விட்டு, சோதனை ஏட்டில் உள்ளதை உள்ளவாறே எழுதும் இளைஞரும் நங்கையரும் நம் கல்லூரியினின்றும் இத்துறைக்கு வருவாராக.