வீட்டுக்கு ஆகாத அழகு

ஆனைகட்டியில் மழை விட்ட மறுநாள் பள்ளத்தில் இறங்கிக் கல்லைப் புரட்டினால் நண்டு கிடைக்கும். அதை இடித்து, மிளகு, சீரகம், பூண்டு தட்டிப்போட்டு ரசம் வைத்துக் குடித்தால் நெஞ்சுச்சளி இளகும் என்பது இந்தப் பக்கம் வீட்டுக்கு வீடு தெரிந்த வைத்தியம். அதனால் நண்டில் விஷம் உண்டு என்று சொன்னால் எங்கள் ஊரில் சிரிப்பார்கள். நண்டு கடிக்கும், கொல்லாது. மலைக்காரன் கணக்கு அவ்வளவுதான்.

கடலில் அந்தக் கணக்கு செல்லாது. மகள் வயிற்றுப் பேரன் கோயம்புத்தூரில் உப்புத்தண்ணீர் மீன்தொட்டி வைத்திருக்கிறான். அலங்காரத்துக்காக வாங்கிப்போட்ட பாறைத் துண்டின் பொந்துக்குள் ஒரு நண்டு ஒளிந்து வந்துவிட்டது. பகலெல்லாம் தென்படாது, விளக்கை அணைத்த பிறகுதான் நடமாட்டம். டார்ச் அடித்துப் படம் எடுத்து எனக்கு அனுப்பினான். “அப்புச்சி, எவ்வளவு அழகா இருக்குது பாருங்க. இதையும் வளர்த்தலாம்னு இருக்கேன்.”

அழகு என்பதில் சந்தேகமில்லை. உள்ளங்கைக்குள் அடங்கும் உருவம். வழுவழுப்பான நீள்வட்ட ஓடு, பாசிப்பச்சை நிறம், அதன்மேல் மெல்லிய வெளிர்கோடுகளின் பின்னல். கொடுக்கின் நுனி மட்டும் கன்னங்கறுப்பு. கடலுயிரியல் பாடம் நடத்திய நண்பர் ஒருவரிடம் படத்தைக் காட்டினேன். “அடெர்காடிஸ் ஃப்ளோரிடஸ் மாதிரி இருக்கிறது. சாந்திடே குடும்பம். குழம்பு வைக்கச் சொல்லிவிடாதீர்கள்” என்றார்.

இந்திய, பசிபிக் பெருங்கடல்களின் பவளப்பாறைகளில் வாழும் இனம் அது. அதன் சதையில் டெட்ரோடோடாக்சின், சாக்சிடாக்சின் என்ற நஞ்சுகள் இருக்கக்கூடும். முதலாவது, பேத்தை மீனில் இருக்கிற அதே நஞ்சு. தின்றவருக்கு முதலில் உதடும் நாக்கும் மரத்துப்போகும். பிறகு கைகால் துவளும். கடைசியில் மூச்சு விடுகிற தசைகளும் நின்றுபோகும். நினைவு தெளிவாக இருக்கும்போதே இத்தனையும் நடக்கலாம் என்பதுதான் கொடுமை. மாற்று மருந்து கிடையாது; செயற்கை சுவாசம் கொடுத்து, நஞ்சு தானாக உடலைவிட்டு வெளியேறும்வரை தாக்குப்பிடிக்க வைப்பதே சிகிச்சை. எத்தனை நேரம் கொதிக்கவைத்தாலும் இந்த நஞ்சு அழியாது. இதே குடும்பத்தைச் சேர்ந்த சோசிமஸ் ஏனியஸ் என்ற நண்டைத் தின்று இறந்தவர்கள் உண்டு.

இன்னொரு விஷயம் எனக்குப் புதிது. ஒரு பாறையில் பிடித்த நண்டில் நஞ்சு நிறைய இருக்கும். அதே இனத்தை வேறிடத்தில் பிடித்தால் அவ்வளவாக இருக்காது. தின்னும் இரையிலிருந்தும், உடலில் குடியிருக்கும் நுண்ணுயிர்களிடமிருந்தும் நஞ்சு சேர்கிறது என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். அப்படியானால் தொட்டியில் நல்ல தீனி போட்டு வளர்த்தால் சாதுவாகிவிடுமே என்று பேரன் உடனே பிடித்துக்கொண்டான். இளவட்டம் எப்போதும் தனக்குச் சாதகமான பாதியைத்தான் கேட்கும்.

அந்த நண்டு அவனை ஒன்றும் செய்யப்போவதில்லை என்பது உண்மை. அதற்குக் கொட்டும் கொடுக்கு இல்லை. தின்னாதவனுக்கு அதன் நஞ்சால் கெடுதல் இல்லை. சங்கடம் தொட்டிக்குள்தான். இந்தக் குடும்பத்து நண்டுகள் பல, இரவில் நத்தை, புழு, சிப்பி, கையில் அகப்பட்ட எதையும் தின்பவை. தூங்கும் சிறு மீனையும் சில விட்டுவைப்பதில்லை. பாறைக்குள்ளேயே செத்துக் கிடந்தால் தண்ணீர் கெட்டு மற்றதும் சாகும். வீட்டில் குழந்தையோ பூனையோ இருந்தால் வேறு கவலை. ஆக, தொட்டிக்கு ஆகாது என்பதே என் முடிவு. இத்தனைக்கும் இதே குடும்பத்தில் லிபியா என்றொரு பொடி நண்டு இருக்கிறது. கொடுக்குக்கு ஒன்றாக இரண்டிலும் கடற்சாமந்தியைப் பிடித்துக்கொண்டு குத்துச்சண்டைக்காரன் போல நிற்கும். அது தொட்டியில் யாருக்கும் தொல்லை தராமல் வாழ்ந்துவிடும். ஆகவே குலத்தை வைத்தும் முடிவு கட்ட முடியாது. ஒவ்வொன்றையும் தனித்தனியாக விசாரிக்க வேண்டும்.

எங்கள் வேலியோரம் செங்காந்தள் படர்ந்து பூக்கிறது. தமிழ்நாட்டின் மாநில மலர். கிழங்கு முதல் விதை வரை விஷம். மூலனூர், தாராபுரம் பக்கம் கண்வலிக்கிழங்கு என்று அதையே பந்தலிட்டு வளர்த்து, விதையை மருந்துக்கு விற்கிறார்கள். அவர்கள் யாரும் அதை வெறுப்பதில்லை. சமையல்கட்டுப் பக்கம் கொண்டுவருவதும் இல்லை. ஒன்று நமக்குப் பிடித்திருப்பது வேறு, அதை வீட்டில் வைத்துக்கொள்வது வேறு. ஆட்கள் விஷயத்திலும் இது பொருந்தும் என்றேன். பேரன் பேச்சை மாற்றிவிட்டான்.

நண்டை எடுக்க நண்பர் வழி சொன்னார். கண்ணாடி டம்ளருக்குள் ஓர் இறால் துண்டைப் போட்டு, அதை நண்டு இருக்கும் பாறையின்மேல் சாய்த்து ராத்திரி வைக்க வேண்டும். வாசனைக்கு இறங்கும் நண்டுக்கு வழுக்கும் கண்ணாடியில் ஏறத் தெரியாது. அப்படித்தான் பிடிபட்டது. இப்போது நண்பரின் பொறுப்பில் தனித் தொட்டியில் இருக்கிறது. கொண்டுபோய்க் கடலில் விடலாமே என்று என் மகள் கேட்டாள். எந்தக் கடலிலிருந்து வந்தது என்று தெரியாத உயிரை, தொட்டி நோயையும் சேர்த்து இன்னொரு கடலில் விடுவது தர்மம் ஆகாது.

பாறையை வெந்நீரில் போட்டு நண்டைக் கொல்லலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். பாறையில் ஒட்டியிருக்கும் சொவாந்திட் என்ற பூப்போன்ற உயிரிகளில் பேலிடாக்சின் என்ற கடுமையான நஞ்சு இருக்கலாம். ஆவியோடு நெஞ்சுக்குள் போய்விடும். 2018-ல் இங்கிலாந்தின் ஆக்ஸ்போர்டுஷயரில் தொட்டிப் பவளத்தைச் சுத்தம் செய்யப்போய் ஒரு குடும்பமே மருத்துவமனையில் சேர்ந்தது.

இனி தொட்டி வைக்க ஆசைப்படுகிறவர்களுக்கு: கடலில் பெயர்த்த பவளத் துண்டை வாங்காதீர்கள். வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் பவளங்கள் 2001 முதல் இருக்கின்றன. புலிக்கு உள்ள அதே பாதுகாப்பு. பொரிப்பகத்தில் பிறந்த கோமாளி மீன்களை வாங்குங்கள். அவற்றைப் பொரிக்கவைக்கும் முறையை மத்திய கடல்மீன் ஆராய்ச்சி நிலையம் எப்போதோ உருவாக்கிக் கொடுத்துவிட்டது. வாங்கும் முன் கடைக்காரரிடம் ஒரு கேள்வி மட்டும் கேளுங்கள்: “இது எங்கிருந்து வந்தது?” பதில் சொல்லத் தடுமாறினால் பணத்தைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு திரும்பிவிடுங்கள்.